அத்தை கொண்டுவந்த கேக்

அந்தப் புற்றுநோய் வார்டில் கொண்டாட்டமாக இருந்த ஒரே ஆள் அத்தைதான்.

மருந்து ஏற்றும் நாளெல்லாம், அங்கே சிகிச்சையில் இருந்த அவள் அண்ணனின் எட்டு வயது மகள், தன் அம்மா கொண்டுவந்த ஆம்லெட்டைத் தள்ளிவிட்டு, "அத்தை, கேக் குடுங்க" என்றுதான் கேட்பாள்.

"பாத்தீங்களா அண்ணி, எதுக்கும் ஒரு கைப்பக்குவம் வேணும்."

இதையே அத்தை டாக்டரிடமும் சொன்னாள், தரை துடைப்பவரிடமும் சொன்னாள். அம்மா டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொள்வாள்.

கடைசித் தடவை மருந்து ஏறியபோது, சொந்தக்காரர்களுக்கு போன் போட்டுத் தன் புகழ் பாட அத்தை வெளியே போனாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா சமையல் அவ்வளவு மோசமாடி?"

மகள் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"மொத நாளே நர்ஸக்கா சொன்னாங்கம்மா. மருந்து ஏறுறப்போ எதைச் சாப்பிடறோமோ, அப்புறம் அதைப் பாத்தாலே குமட்டுமாம். அதனால, ஜென்மத்துக்கும் தொட முடியாம போனாலும் பரவால்லங்கிற மாதிரி ஒண்ணைச் சாப்பிடச் சொன்னாங்க."

"இதை ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"இங்கயும் வீட்டுலயும் அத்தை எங்க நம்மள விட்டு நகர்ந்தாங்க? உன் ஆம்லெட்டை நான் வீட்டுக்குன்னு வச்சிருக்கேன்மா."