பெஞ்சில் இரண்டு பேர்

"அச்சகம் பொழுதோடவே விட்டுடுதாம். உம் புருஷன் வீட்டுக்கு வராம தினமும் பார்க்குல உக்காந்திருக்காராம். யார் கூடன்னு நீயே போய்ப் பாரு!" என்றாள் அக்கா, போனில்.

தையல்காரி போனைத் தையல் மெஷின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

ஒரு வருஷத்தில் அவள் ஆளே மாறித்தான் போயிருந்தாள். கண்கள் இரண்டும் முன்னுக்குத் தள்ளி, இமைகள் மேலேறி, எந்நேரமும் எதையோ பார்த்துத் திடுக்கிட்டவள் போலிருந்தாள். தைராய்டு கோளாறு கண்ணில் காட்டுகிறதாம்.

"காவலுக்கு இருக்கற ஆன்டிபாடியே, உங்க கண்ணுத் தசைய எதிரின்னு நெனச்சு அடிக்குதும்மா," என்று விளக்கியிருந்தார் டாக்டரம்மா.

பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாய்த் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே இரண்டு தெரு. மாடிக்கு மேலே இரண்டு நிலா. ஊசியும் இரண்டு, எந்தக் காதில் நூலைக் கோப்பது? தூங்கும்போதும் இமை முழுசாய் மூடாததால், கனவுக்குள்ளேயே அறையின் வெளிச்சம் மிதந்துகொண்டிருந்தது.

"எனக்கு இப்ப ரெண்டு புருஷன். ஒருத்தரையே மேய்க்க முடியல!" என்று ஆரம்பத்தில் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

அப்புறம்தான் என்னமோ ஆகிவிட்டது. சாப்பிடும்போது சுவரைப் பார்த்துச் சாப்பிட்டான். கேட்டதற்கு மட்டும் பதில். இருட்டிய பிறகே வந்தான், வாயில் புதிதாய்ப் புதினா வாசனையோடு.

அன்று சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள்.

பார்க்கில் மூட்டமாக இருந்தது. விளக்குகள் ஒவ்வொன்றும் இரண்டாய்ப் பிரிந்து, ஈரக்காற்றில் அசைந்தன. தண்ணீருக்கடியில் நடப்பது போல மெல்ல நடந்தாள்.

கோடிப் பெஞ்சில் இரண்டு உருவங்கள். தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு.

இன்னும் நாலடி நடந்தவள், என்னவோ தோன்ற, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள்.

ஒரே ஆள்தான்.

அவள் கணவன், நடுங்கும் விரல்களால் ஒரு புதினா மிட்டாயைப் பிரிக்கப் போராடிக்கொண்டிருந்தான்.

"இங்க என்ன பண்றீங்க?"

பதறி எழுந்தான். "சிகரெட்ட விட்டுட்டேன். இந்த நேரத்துலதான் கை நடுங்குது, காரணமே இல்லாம கோவம் வருது. உம்மேல எரிஞ்சு விழுந்துடுவேனோன்னு பயம். அது அடங்கினப்பறம் வருவேன்."

"சொல்லிட்டுச் செஞ்சா என்னவாம்?" அவள் கண்ணைப் பொத்திய கையை எடுத்தாள். "போகட்டும். என்னை ஏறெடுத்துக்கூடப் பாக்கறதில்லயே, ஏன்? அவ்வளவு கோரமாவா இருக்கேன்?"

அவன் குனிந்த தலை நிமிரவில்லை.

"ரத்த ரிப்போர்ட் வாங்கப் போனப்ப டாக்டரம்மா சொன்னாங்க, பக்கத்துல இருக்கறவங்க விடற புகைகூட இந்தக் கண்ண இன்னும் மோசமாக்கும்னு. இத்தனை வருஷமா உம்பக்கத்துல உக்காந்து ஊதினவன்... எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன் முகத்துல முழிப்பேன்?"