கண்ணாடிப் பக்கம் ஒதுங்கிய மருந்து

கண்ணுக்கே தெரியாத துகள்களில் மருந்தை ஏற்றி ஊசி போடுவார்கள். அவை கட்டியைத் தாமே தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேனில் வெள்ளையாக ஒளிரும். சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் ஸ்கேன் எடுக்கும் அவளுடைய வேலை.

அன்று வந்த பஸ் கண்டக்டருக்கு ஈரலில் கட்டி. ஒளியோ இடது விலாவில் வரிசை கட்டி நின்றது.

“தலைமாடு கால்மாடு தெரியாம படுக்க வெச்சிட்டியா?” என்று டாக்டர் கடிந்துகொண்டார். மாற்றிப் படுக்கவைத்தாள். ஒளி இப்போது ஈரலையும் தாண்டி வலது விலா ஓரத்துக்குப் போய்விட்டது.

“என்னம்மா, இறங்க வேண்டிய ஸ்டாப்பை என் மருந்து மறந்துடுச்சா?” என்றார் கண்டக்டர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இதுவும் பலிக்காவிட்டால் அவருக்கு வேறு மருந்து கிடையாது.

கழுத்தில் கட்டியோடு வந்த டீச்சருக்கும் அதே கதைதான். எப்படிப் படுத்தாலும் மருந்து கண்ணாடித் தடுப்புப் பக்கமே ஒதுங்கியது. தடுப்புக்கு அப்பால் அவளும் அவள் நாற்காலியும் மட்டுந்தான்.

“அக்கா, நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க. கண்டக்டருக்கு நான் மறுபடி எடுத்துப் பார்க்கறேன்,” என்றாள் உடன் வேலை செய்பவள்.

டீ குடித்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது படம் சரியாக இருந்தது. ஒளி முழுவதும் ஈரலில்.

பெருமூச்சு விட்டவள், கண்டக்டரை எழுப்ப உள்ளே போனாள். அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து தலையணையை நகர்த்தினாள்.

“அக்கா, அசையாதீங்க,” என்றது ஒலிபெருக்கி.

ஸ்கேன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்த திரையை அவளும் நிமிர்ந்து பார்த்தாள். ஒளி ஈரலை விட்டுக் கிளம்பி, மெல்ல மேலேறி, அவர் தோளில், அவளுடைய இடது மார்புக்கு நேர் கீழே, பட்டாணி அளவுக்குத் திரண்டு நின்றது.