திங்கட்கிழமைக்குள் ஒரு பிள்ளை

"ஒரே ஒரு பாட்டில் ஏத்தும்மா. இன்னிக்கே வலி வந்துட்டா திங்கட்கிழமை மாநாட்டுல நான் மேடையேறிப் பேசிடுவேன்," என்று கட்டிலில் படுத்திருந்த நிறைமாதக்காரி கெஞ்சினாள்.

நர்ஸ் அசைந்து கொடுக்கவில்லை. "ஸ்கேன் பாத்தீங்கல்ல? பிள்ளை தலை கீழே திரும்பாம சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கு. மருந்து ஏத்தி வலியை வரவழைச்சா, உடம்பு முன்னாடி வந்து தலை மாட்டிக்கலாம். தொப்புள்கொடி முன்னாடி நழுவினாலும் ஆபத்து. ஆபரேஷன்தான்."

"நான் யாருன்னு தெரியுமில்ல?"

"எனக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியாதே."

"உன்னை வேலையை விட்டே தூக்கிடுவேன்."

"முதல்ல பிள்ளையைத் தூக்குங்க. அப்புறம் என்னைத் தூக்கலாம்."

"இவ்வளவும் யாரு சொல்லிக் கொடுத்தா உனக்கு?"

நர்ஸ் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "நீங்கதான் டாக்டரம்மா. போன மாசம் ஒரு பொண்ணு இதே மாதிரி கெஞ்சினா. பாவமேன்னு உங்ககிட்ட சிபாரிசுக்கு வந்தேன். இந்த மெமோவைக் கொடுத்தீங்க. வரி விடாம மனப்பாடம் பண்ணிட்டேன்."

மருத்துவமனையின் தலைமை மகப்பேறு மருத்துவர் தாளில் இருந்த தன் கையெழுத்தையே முறைத்துப் பார்த்தார்.

"சரி, ஆபரேஷன் யாரு பண்றா?"

"சின்ன டாக்டர்தான். கத்தி பிடிக்கவே தெரியலைன்னு நேத்து வெளுத்து வாங்கினீங்களே, அவரு."

டாக்டரம்மாவின் குரலில் தேன் வழிந்தது. "அவரு கை தங்கக் கைன்னு நான் எப்பவும் சொல்றதுதானே. போய் அவரு காதுல விழற மாதிரி சொல்லு."