இரண்டாம் நாள் தேர்வு

பல் டாக்டருக்கு மூச்சு வாங்கியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, தொண்டை கட்டிவிட்டது. இத்தனைக்கும் ஆட்டம் தொடங்கி அரை மணிகூட ஆகவில்லை, அவர் உட்கார்ந்திருந்ததோ கேலரியில்.

கீழே ஓடிக்கொண்டிருந்தது அவருடைய பன்னிரண்டு வயது மகள். கூடைப்பந்து கிளப்பின் ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று அந்தப் பெண் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா அவளுக்கும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக வந்திருந்தார்.

"ஷூட் பண்ணு! பாஸ் கொடுக்காதே! அவகிட்ட போனா பந்து திரும்பி வருமா?"

நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்வது அவர் தொழில். சொந்த வாயை மூடும் வைத்தியத்தை எந்தக் கல்லூரியிலும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

"கொஞ்சம் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்களேன்," என்று மனைவி முழங்கையால் இடித்தாள். "நீங்க கத்துறப்பல்லாம் அவ இங்க திரும்பிப் பாக்குறா. பந்தை விட்டுடுறா."

"பாக்கட்டும், அதுக்குத்தானே கத்துறேன்! நேத்து நம்மள வாசலோட நிறுத்திட்டாங்க. சொல்லிக் கொடுக்க ஆளில்லாம பிள்ளைங்க திணறியிருக்கும். அதான் இன்னிக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க."

பக்கத்து இருக்கையில் ஒருவர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். அவருடைய மகள் பந்தைப் பிடிக்கப் போய்த் தடுமாறி விழுந்தாள். மனிதர் பாதிக் கண்ணைத் திறந்தார், அவள் எழுந்து நின்றதும் இரண்டு தட்டுக் கைதட்டினார், மறுபடியும் தூங்கிப் போனார்.

"இப்படி ஒரு அப்பன் இருந்தா பிள்ளை எங்கே உருப்படும்?" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

நடுவர் விசில் ஊதினார். டாக்டரின் மகள் செய்தது தவறாம். விடுவாரா? இருக்கை மேலேயே ஏறி நின்றுவிட்டார்.

"யோவ், கண்ணு தெரியுதா உனக்கு? என் கிளினிக்குக்குப் பக்கத்துலயே கண் டாக்டர் இருக்காரு. வா, ஓசியிலேயே காட்டி விடுறேன்!"

கேலரி சிரித்தது. கீழே அவர் மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவிழாத ஷூ நாடாவைக் குனிந்து கட்ட ஆரம்பித்தாள்.

எல்லைக் கோட்டோரம் கோச் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி நின்று, கேலரியையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பாத்தியா, என்னையேதான் பாக்குறாரு. விஷயம் தெரிஞ்ச ஆளுன்னு புரிஞ்சுபோச்சு!" என்றவர், யாரை வெளியே எடுக்க வேண்டும் என்று கோச்சுக்குச் சைகையிலேயே பாடம் நடத்தினார். கோச் பணிவாகத் தலையாட்டிவிட்டு, உதவியாளரின் காதில் ஏதோ சொன்னார். மனைவி முகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்தது. தேர்வானவர்களின் பெயர்களைக் கோச் வாசித்தார். முதல் பெயரே தூங்குமூஞ்சி அப்பாவின் மகளுடையது, அவரை உலுக்கி எழுப்பித்தான் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசிப் பெயர் வரை டாக்டரின் மகள் பெயர் வரவில்லை.

அந்தப் பெண் அழாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். என்ன இருந்தாலும் பெற்றவர் அல்லவா, டாக்டருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார்.

"என்ன சார் அநியாயம் இது? பந்து பிடிக்கத் தெரியாம விழுந்த பொண்ணை எடுக்குறீங்க. இருக்கிறதுலேயே நல்லா ஆடுறவ என் பொண்ணு, அவளை விட்டுட்டீங்க. நீங்க ஆட்டத்தைப் பாத்தீங்களா, இல்லையா?"

"இல்ல சார், பாக்கல," என்றார் கோச், குரல் உயராமல். "பொண்ணுங்களை நேத்தே பாத்து முடிச்சாச்சு. உங்க பொண்ணுதான் அதுல முதல்."

"அப்புறம் இன்னிக்கு எதுக்கு சார் இந்தக் கூத்து?"

"இன்னிக்கு செலக்‌ஷன் உங்களுக்கு சார்."