இரட்டைப்படை அத்தியாயங்கள்

வீட்டுப் பெண் ஓடிப்போய்விட்டாள் என்று கேட்டதும் ஜவுளிக்கடைப் பெரியப்பா முதல் வேலையாகக் கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். பிறகு மின்விசிறியையும் நிறுத்தினார், காற்றோடு பேச்சும் தெருவுக்குப் போய்விடும் என்பது போல. ஓடிப்போய்த் தொண்ணூறு வருஷம் ஆகிறது என்பது அவருக்கு ஓர் ஆறுதலாகவே படவில்லை.

"இன்னொரு தடவை படி," என்றார்.

எதிரில் இருந்தவள் அவருடைய தம்பி மகள், நாவல் எழுதுகிறவள். இந்த நாவலில் ஒற்றைப்படை அத்தியாயங்களில் இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி தன் வம்சத்துப் பெண்களைத் தேடுவாள். இரட்டைப்படையில் அந்தக் காலத்துப் பெண் வாழ்வாள். தேடுகிறவள் யாரென்று கேட்கவே வேண்டாம். இரண்டு வருஷமாக இதே ஸ்டூலில் உட்கார்ந்து, உங்கள் அப்பாவைப் பெற்றவள் யார், என்ன ஆனாள் என்று பெரியப்பாவைக் குடைந்தவள்தான். அவரும் சளைக்காமல் தெரியாது, தெரியாது என்று டீ வாங்கிக் கொடுத்தே அனுப்பிக்கொண்டிருந்தார்.

இன்று கேள்வியோடு வரவில்லை, காகிதக் கட்டோடு வந்திருந்தாள். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறதாம், வீட்டுப் பெரியவருக்கு ஒரு வார்த்தை படித்துக் காட்டுவது மரியாதையாம். முதல் அத்தியாயத்தை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தவள், இரண்டாவதற்கு அதை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, கட்டை நெஞ்சோடு சாய்த்து வைத்துப் படித்தாள். அந்த அம்மாள், அதாவது பெரியப்பாவின் பாட்டி, நாலு வயதுப் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, பொத்தான் விற்க வந்தவனோடு போய்விட்டாள். அவ்வளவுதான் சாராம்சம்.

பெரியப்பாவுக்குத் தெருக்கோடிப் போட்டிக் கடைக்காரர்தான் நினைவுக்கு வந்தார். சும்மா கொடுத்தால்கூடப் புத்தகத்தைத் தொடாதவர். இதை மட்டும் காசு கொடுத்து வாங்கி, கடை கடையாக ஏறி வாசித்துக் காட்டுவார்.

யார் சொன்னது என்று கேட்டார். விசாரித்ததில் தெரிந்தது என்றாள்.

சரி, நடந்தது நடந்துவிட்டது, ஒரு விலைக்கு வருவோம் என்று இறங்கினார். ஓடிப்போனதை எடுத்துவிட்டு, காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள் என்று போடக்கூடாதா? காய்ச்சல் வேண்டாமென்றால் காசநோய், அது இன்னும் கௌரவம். அவள் இருபதாவது அத்தியாயம் வரைக்கும் உயிரோடு வேண்டும் என்றாள் தம்பி மகள். அப்படியென்றால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடு என்றார். அங்கேயிருந்து பிள்ளைக்குக் கடுதாசி போட்டிருப்பாளே, அது எங்கே என்று இவள் கேட்டாள்.

நாற்பது வருஷம் துணி கிழித்து விற்ற மனுஷர். எப்பேர்ப்பட்ட வாடிக்கையாளரும் மூன்றாவது பேச்சில் மசிந்துவிடுவார்கள். இவளோ முழம் என்ன, விரல்கடைகூட விட்டுக்கொடுக்கவில்லை. கல்லில் நார் உரிப்பது போல இருந்தது அவருக்கு. கஜக்கோலை எடுத்து மேஜையில் தட்டினார், மறுபடி வைத்தார்.

"தனியாப் போனான்னாவது எழுதித் தொலை."

"தனியாப் போக கையில என்ன இருந்துச்சு பெரியப்பா? அதனாலதான் நாலாவது அத்தியாயத்துல கடைச் சரக்கைத் திருடிட்டுப் போனதா வருது. மூணு பேல் துணி."

பெரியப்பா எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து அலமாரியில் மோதி நின்றது.

"யாரு திருடி? அவளா திருடி? இது அவ கடைம்மா. தலையில மூட்டையை வெச்சுக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்கி வித்து அவ போட்ட கடை. எங்க தாத்தாவுக்குக் கஜக்கோலை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் கொடுத்ததே அவதான். அவர் என்ன பண்ணினார் தெரியுமா? படிக்கத் தெரியாதவகிட்ட பத்திரத்தை நீட்டிக் கைநாட்டு வாங்கினார். அடுத்த மாசமே வேற ஒருத்தியைக் கூட்டிட்டு வந்து, இவளைக் கட்டின துணியோட வெளியே தள்ளினார். எங்கப்பா வாசப்படியில நின்னு பாத்தவர். நாலு வயசு. சாகுற வரைக்கும் என்கிட்ட அதையேதான் சொல்லிட்டிருந்தார்."

அதோடு நிற்கவில்லை. அவள் மூன்று தெரு தள்ளி ஒரு தையல் மிஷினை வாடகைக்கு எடுத்துப் பிழைத்ததை, பிள்ளையைப் பார்க்க தினமும் வந்து எதிர்ச் சாரியிலேயே நின்றுவிட்டுப் போனதை, ஒருநாள் வராமல் போனதை எல்லாம் சொன்னார். கடைசியில் அவள் பெயரையும் சொன்னார். அந்தக் கடைக்குள் அந்தப் பெயரை யாரும் உச்சரித்துத் தொண்ணூறு வருஷம் ஆகியிருந்தது.



பெரியப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுவரில் நிறுவனர் என்ற எழுத்துகளுக்கு மேலே தாத்தா மீசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நான் சொன்னதை எழுதினாலும் எழுதிக்கோ. தாத்தா மானம் போனாப் போகுது," என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "ஆனா அவ ஓடினா, திருடினான்னு எழுதியிருக்கியே, அந்தப் பக்கத்தையெல்லாம் என் கண்ணு முன்னாடி இப்பவே கிழி."

தம்பி மகள் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"கிழிக்கறதுக்கு ஒண்ணுமில்ல பெரியப்பா, அந்தப் பக்கமெல்லாம் வெறும் வெள்ளைத் தாள். இனிமேதான் எழுதணும்."