தேய்ஞ்ச புஷ்

"அண்ணி, இனிமே வண்டிப் பக்கமே போகாதீங்க. ஓட்டத் தெரிஞ்சவங்க ஓட்டட்டும்."

தம்பி இப்படிச் சொன்னதும் பல் டாக்டர் சிரித்தார். அவர் மனைவி காலிக் கப்புகளை எடுத்து அடுக்கினாள்.

தம்பி விடுவதாக இல்லை. "ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். அந்தக் காலத்து வண்டி. பன்னெண்டு வருஷமா அண்ணன் அதைக் கைக்குழந்தை மாதிரி வச்சிருந்தார். ஒரு கீறல் உண்டா? உங்க கைக்கு ஒரே ஒரு நாள் வந்துச்சு, நேரா போய் தடுப்புச் சுவரைக் கட்டிப் பிடிச்சுக்கிச்சு!"

"தப்பு என் மேலதான்," என்றாள் அவள். "மழை. வளைவுல கொஞ்சம் வேகமா திருப்பிட்டேன்."

"மெதுவா போ, மெதுவா போன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்டா," என்றார் டாக்டர்.

சோபாவில் எட்டு வயசு மகள் வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா பக்கத்தில் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படம் வரைகிற கை அது. மூன்று வாரமாக அம்மாவோடு சரியாகப் பேசுவதில்லை. சாப்பாடு ஊட்டக்கூட அப்பாதான் வேண்டும்.

ஊட்டும்போதெல்லாம் டாக்டரால் மகளின் கண்ணைப் பார்க்க முடிந்ததில்லை.

விபத்துக்கு இரண்டு மாதம் முன்பே மெக்கானிக் வண்டியை மேலே தூக்கி நிறுத்தி, அடியில் டார்ச் அடித்துக் காட்டியிருந்தார்.

"பின் சக்கரத்தையும் பாடியையும் சேர்க்கிற இடத்துல இந்த ரப்பர் புஷ் இருக்கு பாருங்க. தேய்ஞ்சு, ரெண்டு பக்கமும் கிழிஞ்சே போச்சு. வளைவுல பின் சக்கரம் அது இஷ்டத்துக்குத் திரும்பும். மழையில எடுக்கவே கூடாது. மாத்திடலாம் டாக்டர், ரெண்டு வாரம் வண்டி இங்க நிக்கணும்."

"ரெண்டு வாரமா! ஞாயித்துக்கிழமை பழைய கார் கண்காட்சி இருக்கேப்பா. பழைய வண்டின்னா கொஞ்சம் ஆடத்தானே செய்யும்?"

"பல்லு ஆடினா மட்டும் உடனே வான்னு சொல்றீங்க?"

இருவரும் சிரித்தார்கள். கண்காட்சி முடிந்தது. அடுத்து நண்பர்களோடு ஒரு நீண்ட பயணம் வந்தது. புஷ் அப்படியே கிடந்தது.

விபத்து நடந்த அன்றைக்குக் கிளினிக்கில் கூட்டம். பள்ளியிலிருந்து மகளை அழைத்துவர அவரால் போக முடியவில்லை. மனைவியிடம் சாவியைக் கொடுக்கும்போது வெளியே தூறிக்கொண்டிருந்தது. புஷ் கிழிந்திருப்பதைச் சொல்ல வாயெடுத்தார். 'இத்தனை நாளா இந்த வண்டியிலயா பிள்ளையக் கூட்டிட்டுப் போனீங்க?' என்று கேட்பாளே என்று விழுங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் "என்னாலதான், என்னாலதான்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

தம்பி கிளம்பிப் போனதும் மனைவி கேட்டாள். "வண்டி ரெடின்னு மெக்கானிக் போன் பண்ணினார். நானும் கூட வரட்டுமா?"

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேண்டாம், வேண்டாம். நானே போய் எடுத்துக்கிறேன்."

ஒர்க் ஷாப்பில் கார் பளபளவென்று நின்றது. நசுங்கிய இடமே தெரியவில்லை. புதுப் புஷ்ஷும் போட்டாயிற்று. டாக்டர் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. மெக்கானிக்கை ஓரமாக அழைத்துப் போனார்.

"இந்தப் புஷ் விஷயம் எங்க வீட்டுல அவங்களுக்குத் தெரிய வேண்டாம். பழசை எங்கயாவது தூக்கிப் போட்டுடுங்க. பில்லுலயும் எழுத வேண்டாம்."

சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. எதிரே நிற்பவரை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

மெக்கானிக் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மேடத்துக்குத் தெரியும் டாக்டர்."

"என்னது?"

"வண்டியை இழுத்துட்டு வந்த மறுநாளே வந்தாங்க. வளைவுல யாரோ பின்னாலேருந்து தள்ளிவிட்ட மாதிரி இருந்துச்சு, அது ஏன்னு கேட்டாங்க. என்னால மறைக்க முடியல. கிழிஞ்ச ரப்பரைக் காட்டிட்டேன்."

டாக்டர் பக்கத்தில் அடுக்கியிருந்த டயர்களைப் பிடித்துக்கொண்டார். தம்பி பேசியதும், தான் சிரித்ததும், அவள் கப்புகளை அடுக்கியதும் ஒவ்வொன்றாகக் கண் முன் வந்தன.

"அப்போ... எனக்கு முன்னாடியே தெரியும்னு..."

"அதையும் கேட்டாங்க. 'இது அவருக்குத் தெரியுமா?'ன்னு. என்னால உங்க வீட்டுல ஒரு சண்டை வேண்டாமேன்னு, தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

டாக்டருக்கு மூச்சு வந்தது. நிம்மதியாகவே வந்தது.

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

மெக்கானிக் இப்போது அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"'அப்ப அவர்கிட்ட சொல்லிடாதீங்க. தன் வண்டியாலதான் பொண்ணு கை உடைஞ்சதுன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்க மாட்டார். பழி என் மேலயே இருந்துட்டுப் போகட்டும்'னு சொன்னாங்க, டாக்டர்."