லாரிக்கு லோடு போட்ட எடிட்டர்

"எடிட்டர்ங்கறது டைப் அடிக்கறதுக்கு, கீதா. லாரிக்கு லோடு பிரிக்கறதுக்கு இல்ல."

சேர்ந்த முதல் நாளே மனோஜ்குமார் இப்படிச் சொல்லிவிட்டான். துடியலூர்ப் பக்கம் இருந்த அந்த மோட்டார் பம்பு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் மேனேஜராக வந்திருந்தான். பெங்களூரில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன்.

கீதா அவனுக்கு முன்பிருந்தே அங்கே இருப்பவள். பீளமேட்டில் எம்.சி.ஏ. முடித்தவள். ஈமேக்ஸ் என்று ஒரு எடிட்டரை வைத்துக்கொண்டு சகல காரியமும் பார்த்துவந்தாள்.

"அதுக்குள்ளயே ஒரு மொழி இருக்குதுங்க சார். எடிட்டரை நம்ம இஷ்டத்துக்குப் பழக்கிக்கறதுக்குன்னு குடுத்தது. அதுல எழுதினா எந்த வேலையும் செய்யுதுங்க."

"எந்த வேலையும்னா?"

"எந்த லாரியில எந்த ஊரு மோட்டார் ஏத்தறது, யாருக்கு எந்த ஷிப்ட், கேன்டீன்ல எத்தனை பேருக்குச் சமைக்கறது. டீ நேரமானா மணிகூட அடிக்குமுங்க."

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. டீயும் வந்தது. மனோஜ்குமாருக்கு எரிச்சல் தாங்கவில்லை.

டீயைக் குடித்துவிட்டு நேராக முதலாளி வெங்கடபதியிடம் போனான்.

"டைப் அடிக்கற சாப்ட்வேரை வெச்சுக் கம்பெனி நடத்தறாங்க சார். வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்க. நான் சி-ங்கற கம்ப்யூட்டர் மொழியில முறையா எழுதித் தர்றேன். அப்புறம் அந்த எடிட்டரையே மிஷினை விட்டு எடுத்துடலாம்."

"செய்யுங்க தம்பி," என்றார் வெங்கடபதி. சி என்றால் என்ன என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

எழுத உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மனோஜ்குமாரின் புரோகிராம் பவானிக்குப் போகவேண்டிய மோட்டாரைப் பொள்ளாச்சி லாரியில் ஏற்றச் சொன்னது. அதைத் திருத்தினால், பிளாஸ்டிக் பைப்பை அடியில் போட்டு அதன் தலைமேல் இரும்பு மோட்டாரை வைக்கச் சொன்னது. அதையும் திருத்தினால், முதலில் இறக்க வேண்டிய சரக்கு லாரியின் உள்மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

கீதா இதிலெல்லாம் லோடுமேன்களிடம் எப்போதோ திட்டு வாங்கியிருந்தாள். ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு வரி சேர்த்து வைத்திருந்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஆனால் முதல் நாளே அப்படிப் பேசிவிட்டு எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

முதலாளிக்குக் காட்ட வேண்டிய நாள் நெருங்கியது. மனோஜ்குமார் ஒரு காரியம் செய்தான். தன் கணக்கையெல்லாம் தூக்கி எறிந்தான். திரையில் கம்பெனி பெயரைப் பெரிதாகப் போட்டு, சுற்றிலும் கட்டம் கட்டி, 'ப்ளீஸ் வெயிட்' என்று எழுதி, கீழே வரிசையாக நட்சத்திரம் ஓடவிட்டான். நட்சத்திரம் ஓடுகிற நேரத்தில் உள்ளே நடப்பது ஒன்றே ஒன்றுதான். கீதாவின் எடிட்டரைச் சத்தமில்லாமல் எழுப்பி, அவள் எழுதி வைத்ததை ஓட்டச் சொல்லும் ஒரே வரி.

எடிட்டரை எடுப்பதை எப்படியாவது தள்ளிப்போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான்.

அன்றைக்கு வெங்கடபதி வந்து உட்கார்ந்தார். வாசலில் பவானி லாரி காத்து நின்றது.

"ஓட்டறதுக்கு முன்னால அந்தப் பழைய சாமானத்தை எடுத்துப்போடுங்க தம்பி. நீங்கதான சொன்னீங்க."

"அவசரமில்ல சார். அப்புறமா மெதுவா..."

"அதென்ன அப்புறம்?" அவர் கீதா பக்கம் திரும்பினார். "அம்மணி, நீயே எடுத்துப்போடு."

கீதா மனோஜ்குமாரைப் பார்த்தாள். ஏசி அறையில் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"செரிங்கய்யா," என்று தட்ட ஆரம்பித்தவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஒரு சாமானத்தை எடுக்க இத்தனை நேரமா?"

"ரொம்ப நாளா இருந்துச்சுங்களே. வேரு ஆழமாப் போயிருக்குதுங்கய்யா."

பிறகு ஈமேக்ஸ் என்று அடித்துக் காட்டினாள். அப்படி ஒன்று இங்கே இல்லை என்றது மிஷின்.

இன்றோடு வேலை போயிற்று என்று நினைத்தான் மனோஜ்குமார். குடும்பத்தை இப்போதுதான் பெங்களூரிலிருந்து கூட்டிவந்து, பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தான்.

"ம், ஓட்டுங்க தம்பி."

கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டினான். நட்சத்திரம் ஓடியது. பிரின்டர் கரகரவென்று காகிதத்தை இழுத்தது. லோடுமேன் அதை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"செரியா இருக்குதுங்க. எப்பவும் போலத்தான் இருக்குது."

வெங்கடபதி மனோஜ்குமாரின் தோளைத் தட்டினார். "பாத்தியா அம்மணி, முறையா எழுதினா எப்படி வருதுன்னு."

"ரொம்ப நல்லா எழுதியிருக்காருங்கய்யா," என்றாள் கீதா.

லாரி கிளம்பி, முதலாளியும் எழுந்து போன பிறகு மனோஜ்குமார் அவள் மேஜைக்கு வந்தான்.

"கீதா, அந்த எடிட்டர்..."

"அழிக்கலீங்க சார். பேரை மட்டும் மாத்திப்போட்டேன். உங்க புரோகிராம்ல அதைக் கூப்படற வரியிலயும் புதுப் பேரைப் போட்டு உட்டுட்டேனுங்க."

"அந்த வரி உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க ஓட்டிப் பாத்த அன்னிக்கே. உள்ள என்ன ஓடுதுன்னு மிஷினே சொல்லுதுங்களே."

"முதலாளிகிட்டச் சொல்லியிருக்கலாம். நான் உங்க வேலையவே அழிக்கப் பாத்தேன்."

"சொல்லியிருந்தா லாரி நின்னிருக்குமுங்க. பவானியில மோட்டாரில்லாம வெள்ளாமை காயுது. உங்க பையனும் பாவமுங்க, இப்பத்தான் பள்ளிக்கோடம் மாறி வந்திருக்கான்."

மனோஜ்குமார் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"அப்படி என்ன பேரு வெச்சீங்க?"

"இனி யாரும் எடுத்துப்போடச் சொல்லக் கூடாதல்லங்க," என்றாள் கீதா. "உங்க பேரைத்தான் வெச்சிருக்கேனுங்க சார்."